கல்கத்தா கால்பந்து லீக்: வென்றவர்களும் வெல்ல விடப்படாதவர்களும்

கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: 1911-லேயே மோகன் பகான் வெறுங்காலோடு ஆடி ஆங்கிலேயப் பட்டாள அணியைத் தோற்கடித்துவிட்டது. அப்படியிருக்க, கல்கத்தா லீக் பட்டத்தை ஓர் இந்திய கிளப் வெல்ல 1934 வரை ஏன் ஆனது? அதற்குப் பிறகு ஏன் சுற்றிச் சுற்றி மூன்றே கிளப்கள் வென்றன?

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன். 1911 ஜூலை 29 அன்று மோகன் பகான் வென்றது ஐ.எஃப்.ஏ. ஷீல்டு. ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட்டை 2-1 என்று வீழ்த்திய ஆட்டம் அது. சிப்தாஸ் பாதுரியும் அபிலாஷ் கோஷும் கோல் அடித்தார்கள். பின்னால் நின்ற கூட்டத்துக்கு ஆட்டம் தெரியவில்லை என்பதால் காற்றாடியில் ஸ்கோர் எழுதிப் பறக்கவிட்டார்கள். அது மகத்தான வெற்றிதான். ஆனால் ஷீல்டு என்பது தோற்றால் வெளியேறும் போட்டி, ஐந்தாறு ஆட்டங்களில் முடிந்துவிடும். லீக் கோடையில் தொடங்கி மழைக்காலம் முழுவதும் நடக்கும். ஒவ்வொரு அணியையும் திரும்பத் திரும்பச் சந்திக்க வேண்டும். அதில் முதலிடம் பிடிக்க நல்ல பதினொரு பேர் மட்டும் போதாது. காயம்பட்டவருக்கு மாற்று ஆள் வேண்டும், பணம் வேண்டும், சேற்றில் ஆடத் தெரிய வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், உள்ளே நுழைய அனுமதி வேண்டும். அந்தக் காலத்தில் இந்திய கிளப்களுக்கு அந்த அனுமதிதான் கிடைக்கவில்லை.

இந்தியக் கால்பந்துச் சங்கம், அதாவது ஐ.எஃப்.ஏ., 1893-ல் அமைந்தது. பெயரில் இந்தியா இருந்தாலும் நடைமுறையில் அது வங்காளத்தின் சங்கம். தொடக்கத்தில் நிர்வாகம் வெள்ளையர் கையில் இருந்தது. லீக் 1898-ல் ஆரம்பமானது. இங்கிலாந்தில் ஃபுட்பால் லீக் தொடங்கிப் பத்தே வருடங்கள் ஆகியிருந்தன. ஆசியாவின் மிகப் பழைய கால்பந்து லீக் என்று இதைத்தான் சொல்கிறார்கள். முதல் சாம்பியன் குளோஸ்டர்‌ஷயர் ரெஜிமென்ட். அந்தத் தொடக்க கால லீக்கில் இந்திய அணி ஒன்றுகூடக் கிடையாது. ஃபோர்ட் வில்லியம் கோட்டையில் தங்கியிருந்த பட்டாளங்கள், வணிக நிறுவனங்களிலும் அரசு அலுவலகங்களிலும் வேலை பார்த்த ஆங்கிலேயர்களின் டல்ஹவுசி, கல்கத்தா எஃப்.சி. போன்ற கிளப்கள் ஆகியவை தங்களுக்குள் ஆடிக்கொண்ட போட்டி அது. ஒரு ரெஜிமென்ட் வரும், பட்டம் வெல்லும், வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விடும். சாம்பியன் பட்டியலின் முதல் முப்பத்தைந்து வருடங்களைப் பார்த்தால் பெரும்பாலும் பட்டாளப் பெயர்களாக வருவதற்கு இதுதான் காரணம்.

ஷீல்டை வென்ற பிறகும் மோகன் பகானுக்கு லீக் கதவு உடனே திறக்கவில்லை. 1914-ல் இரண்டாவது டிவிஷனில் இடம் கொடுத்தார்கள். 1915-ல் முதல் டிவிஷனுக்கு வந்தது. அப்போதும் ஒரு விதி இருந்தது: முதல் டிவிஷனில் இரண்டு இந்திய கிளப்களுக்கு மேல் ஆட முடியாது. மோகன் பகானும் ஆரியனும் அந்த இரண்டு இடங்களையும் நிரப்பிவிட்டால், வேறு எந்த இந்திய கிளப் எவ்வளவு நன்றாக ஆடினாலும் கீழேயே கிடக்க வேண்டியதுதான். விளையாட்டில் மேலே ஏறும் உரிமையைத் தோலின் நிறத்தைப் பார்த்து அளந்து கொடுத்த விதி இது. 1911 வெற்றியைக் கொண்டாடுகிற கட்டுரைகள் பலவும் இதைத் தொடாமல் போவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. களத்தில் தோற்ற பிறகு காகிதத்தில் வேலி போட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமையாகும்.

அந்த வேலி ஈஸ்ட் பெங்காலால் உடைந்தது. அந்த கிளப் பிறந்ததே ஒரு கோபத்தில்தான். 1920 ஜூலை 28 அன்று மோகன் பகானுக்கு எதிரான ஆட்டத்தில் ஜோராபகான் கிளப் சைலேஷ் போஸ் என்ற வீரரை வெளியே உட்காரவைத்தது. அவர் கிழக்கு வங்காளத்துக்காரர். அதனால்தான் ஒதுக்கினார்கள் என்று மனம் கொதித்த துணைத் தலைவர் சுரேஷ் சந்திர சௌதுரி அங்கிருந்து விலகி, நண்பர்களோடு சேர்ந்து ஆகஸ்ட் 1 அன்று ஈஸ்ட் பெங்கால் கிளப்பைத் தொடங்கினார். 1924-ல் இரண்டாவது டிவிஷனில் முன்னணிக்கு வந்தபோது அந்த இரண்டு கிளப் விதி குறுக்கே நின்றது. ஈஸ்ட் பெங்கால் விடாமல் போராடியது, விதி நீக்கப்பட்டது. 1925 மே 28 அன்று மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் லீக்கில் முதன்முறையாக மோதின. நேபாள் சக்கரவர்த்தி அடித்த ஒரே கோலில் ஈஸ்ட் பெங்கால் வென்றது. இன்றுவரை கொல்கத்தாவை இரண்டாகப் பிரிக்கிற டெர்பியின், அதாவது ஒரே ஊரின் இரண்டு எதிரணிகள் மோதும் ஆட்டத்தின், லீக் கணக்கு அன்றுதான் தொடங்குகிறது.

விதி போனாலும் பட்டம் வரவில்லை. இதற்கு மழை ஒரு பெரிய காரணம். லீக் நடக்கிற மாதங்களில் ஆட்டங்கள் நடக்கும் 'மைதான்' என்ற கல்கத்தாவின் பெரிய திறந்தவெளி சேறாகிவிடும். காய்ந்த தரையில் வெறுங்காலோடு ஓடுகிறவருக்குப் பந்தின் மேல் நல்ல கட்டுப்பாடு இருக்கும், சட்டென்று திரும்பவும் முடியும். சேற்றில் அதே கால் வழுக்கும். எதிரே ஆணி பதித்த பூட்ஸ் போட்ட பட்டாளத்துக்காரர் நிற்பார். மோகன் பகானின் தற்காப்பு ஆட்டக்காரர் கோஷ்ட பாலைச் 'சீனப் பெருஞ்சுவர்' என்று அழைத்தார்கள். அப்படிப்பட்டவர் இருந்தும் மோகன் பகானுக்கு இரண்டாம் இடத்தைத் தாண்ட முடியவில்லை. நடுவே 1930-ல் சட்டமறுப்பு இயக்கத்தின்போது இந்திய கிளப்கள் விலகிக்கொள்ள, லீக் பாதியில் நின்றது. 1931, 1932, 1933 மூன்று வருடங்களும் டர்ஹம் லைட் இன்ஃபன்ட்ரிக்கே பட்டம்.

அப்புறம்தான் முகமதன் ஸ்போர்ட்டிங் வந்தது. என்னைக் கேட்டால், வங்காளக் கால்பந்தின் பெரிய திருப்பம் 1911 இல்லை, 1934-தான்.

1891-ல் தொடங்கிய கிளப் அது. நீண்ட காலம் கீழ் டிவிஷன்களில் கிடந்துவிட்டு 1934-ல் முதல் டிவிஷனுக்கு வந்தது. வந்த முதல் வருடமே சாம்பியன். லீக்கை வென்ற முதல் இந்திய கிளப். அதோடு நிற்கவில்லை. 1935, 1936, 1937, 1938 என்று ஐந்து வருடம் தொடர்ச்சியாகப் பட்டம். அதுவரை எந்தப் பட்டாளமும், எந்த வெள்ளையர் கிளப்பும் செய்யாதது இது.

எப்படி முடிந்தது? கிளப்பை நடத்தியவர்கள் இரண்டு காரியங்களைத் தெளிவாகச் செய்தார்கள். மற்ற கிளப்கள் வங்காள இளைஞர்களை வைத்து ஆடிக்கொண்டிருந்தபோது, பெங்களூரு, குவெட்டா, டெல்லி என்று நாடு முழுவதும் தேடி ஆள் எடுத்தார்கள். தற்காப்பில் ஜும்மா கான், கோல்கீப்பர் உஸ்மான் ஜான், முன்வரிசையில் ரஷீத், ரஹமத், சலீம், அத்தனைக்கும் மேல் 'மந்திரவாதி' என்று பெயர் வாங்கிய சமத். சமத் வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. இருந்தாலும் அவர் பந்தைத் தொட்டால் கூட்டம் எழுந்து நிற்கும். இரண்டாவதாக, மழை நாளில் பூட்ஸ் போட்டு ஆடப் பழக்கினார்கள். காய்ந்த தரையில் வெறுங்கால், ஈரத் தரையில் பூட்ஸ். கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். ஆனால் இருபது வருடமாக மோகன் பகான் முட்டி நின்ற சுவரில் இந்த ஏற்பாடுதான் வழி திறந்தது.

முகமது சலீமைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1936-ல் அவர் ஸ்காட்லாந்து போய் செல்டிக் கிளப்பில் ஆடிக்காட்டினார். பூட்ஸ் போட மறுத்து, பாதத்தில் துணிக்கட்டு கட்டிக்கொண்டு இரண்டு ஆட்டங்கள் ஆடினார். ஐரோப்பிய கிளப் ஒன்றுக்கு ஆடிய முதல் இந்தியத் துணைக்கண்டத்து வீரர் அவர். தங்கச் சொல்லிக் கேட்டார்கள். ஊர் நினைப்பு தாங்காமல் திரும்பி வந்துவிட்டார். அவர் திரும்பி வந்த இடம் கல்கத்தா லீக்.

முகமதனின் வெற்றி வங்காளத்து முஸ்லிம்களுக்கு என்னவாக இருந்தது என்பதை அந்தக் கால அரசியலோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கிராமங்களிலிருந்து கூட்டம் வந்து மைதானில் நின்றது. அதே நேரத்தில் மற்ற கிளப்களின் ரசிகர்களுக்கு அந்தத் தொடர் வெற்றி கசந்தது, ஐ.எஃப்.ஏ.வோடும் உரசல் வளர்ந்தது. 1939-ல் நடுவர் தீர்ப்புகளிலும் நிர்வாகத்திலும் பாரபட்சம் என்று குற்றம் சாட்டி முகமதன், ஈஸ்ட் பெங்கால் உள்ளிட்ட சில கிளப்கள் லீக்கிலிருந்து விலகின. அந்த வருடம்தான் மோகன் பகான் தன் முதல் லீக் பட்டத்தை வென்றது. 1940, 1941 மீண்டும் முகமதன். 1940-ல் டெல்லியில் ராயல் வார்விக்‌ஷயர் ரெஜிமென்ட்டை 2-1 என்று வீழ்த்தி டூரண்டு கோப்பையையும் எடுத்தது. பட்டாளம் சாராத இந்திய கிளப் அந்தக் கோப்பையை வென்றது அதுவே முதல் தடவை. 1942-ல் ஈஸ்ட் பெங்காலுக்கு முதல் லீக் பட்டம். ஆக, மூன்று பெரிய கிளப்களும் எட்டு வருட இடைவெளிக்குள் பட்டியலில் ஏறிவிட்டன. வெள்ளையர் பெயர்கள் அந்த இடத்துக்கு அப்புறம் திரும்பி வரவில்லை.

1947-ல் கலவரங்களால் லீக் பட்டம் யாருக்கும் இல்லை. பிரிவினை இந்த லீக்கின் பலத்தையே மாற்றிப்போட்டது. முகமதனின் ரசிகர்களில் பெரும் பகுதி எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. 1948-ல் ஒரு பட்டம், பிறகு 1957, 1967, 1981 என்று பத்து வருடத்துக்கு ஒன்றாகக் குறைந்துபோனது. மறுபக்கம், கிழக்கு வங்காளத்திலிருந்து வீடு வாசல் இழந்து வந்த லட்சக்கணக்கான அகதிகளுக்கு ஈஸ்ட் பெங்கால் சொந்த ஊரின் பெயரைச் சுமந்த ஒரே அடையாளமாக இருந்தது. அதுவரை ஒரு சிறுபான்மையின் கிளப்பாக இருந்தது, ஒரே பத்தாண்டில் நகரத்தின் பாதியைத் தன் பக்கம் வைத்துக்கொண்டது. மோகன் பகான் வென்றால் இறாலும் ஈஸ்ட் பெங்கால் வென்றால் இலிஷ் மீனும் சந்தையில் விலை ஏறும் வழக்கம் இந்த இரண்டு வங்காளங்களின் போட்டியிலிருந்து வந்தது.

நம் தெற்கத்திய வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பகுதி இங்கே வருகிறது. 1949 முதல் ஈஸ்ட் பெங்காலின் முன்வரிசையில் ஆடிய ஐந்து பேரை வங்காளிகள் 'பஞ்ச பாண்டவர்' என்று அழைத்தார்கள்: வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. ஐவரும் தென்னிந்தியர்கள். தன்ராஜும் அகமது கானும் பெங்களூருக்காரர்கள். 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் இந்தியா 10-1 என்று தோற்றபோது அந்த ஒற்றை கோலை அடித்தவர் அகமது கான். அந்தத் தோல்விக்குப் பிறகுதான் பூட்ஸ் கட்டாயமானது, வெறுங்கால் காலம் முடிந்தது.

அடுத்து துளசிதாஸ் பலராம். செகந்திராபாத் பக்கத்தில் அம்முகூடாவில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 1961-ல் அவர் தலைமையில்தான் ஈஸ்ட் பெங்கால் ஒன்பது வருடம் கழித்து லீக்கை வென்றது. சுனி கோஸ்வாமி, பி.கே. பானர்ஜி, பலராம் என்ற மூவர் அணி 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிக் கொடுத்தது. கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ் நீலகிரி வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தில் ஆடி வளர்ந்து, பிறகு மூன்று பெரிய கிளப்களுக்கும் ஆடியவர். தமிழ்நாட்டில் இவர்கள் பெயர் இன்று எத்தனை பேருக்குத் தெரியும் என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது. கொல்கத்தாவில் வயதானவர்களிடம் 'பலராம்' என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலர்ந்துவிடும்.

சரி, ஏன் மூன்று கிளப்கள் மட்டும்? 1934-க்குப் பிறகு இந்த மூன்றுக்கு வெளியே பட்டம் போனது இரண்டே முறை. 1958-ல் ஈஸ்டர்ன் ரயில்வே. அடுத்தது 61 வருடம் கழித்து, 2019-ல் பியர்லெஸ்.

காரணம் எளிமையானது: கூட்டம். மூன்று கிளப்களுக்கும் பின்னால் ஒவ்வொரு சமூகம் நின்றது. உறுப்பினர் சந்தாவும் டிக்கெட் பணமும் அங்கே போய்ச் சேர்ந்தன. ஆரியன் போன்ற கிளப்பில் துக்கிராம் மஜூம்தார் காலத்திலிருந்தே பையன்களைப் பிடித்து ஆட்டம் கற்றுக்கொடுத்தார்கள். நன்றாக ஆடத் தொடங்கியதும் பெரிய கிளப் வந்து அழைத்துக்கொண்டு போய்விடும். காளிகாட், ஜார்ஜ் டெலிகிராஃப், கிதிர்பூர் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். வருடத்துக்கு ஒருமுறை வீரர்கள் கிளப் மாறும் நாட்களை 'தல்பதல்' என்பார்கள். எதிர் கிளப்பின் ஆட்கள் கண்ணில் படாமல் இருக்க வீரரை வெளியூரில் கொண்டுபோய் ஒளித்துவைத்த காலம் ஒன்று இருந்தது.

இந்தச் சங்கிலியிலிருந்து தப்ப ஒரே வழி நிலையான வேலை. ஈஸ்டர்ன் ரயில்வே 1958-ல் வென்றதன் சூட்சுமம் அதில்தான் இருக்கிறது. ரயில்வே மாதச் சம்பளம் கொடுத்தது, ஓய்வூதியம் உண்டு. ஆரியனில் ஆடிய பி.கே. பானர்ஜி 1955-ல் அங்கே போனவர், ஆட்டத்தை விடும்வரை எந்தப் பெரிய கிளப்புக்கும் மாறவில்லை. இந்தியாவின் மிகச் சிறந்த வலது விங்கரான அவர் மூன்று பெரிய கிளப்களில் எதற்கும் ஆடாமலே லீக் சாம்பியன் ஆனார்.

அதே பி.கே. பிறகு பயிற்சியாளராக வந்து லீக்கை ஆட்டிவைத்தார். ஈஸ்ட் பெங்கால் 1970 முதல் 1975 வரை ஆறு வருடம் தொடர்ந்து வென்று முகமதனின் ஐந்து வருடச் சாதனையை முறியடித்தது. அதில் பின் நான்கு வருடங்கள் பி.கே. பயிற்சியாளர். 1975 ஷீல்டு இறுதியில் மோகன் பகானை 5-0 என்று நொறுக்கியதும் அவர் காலத்தில்தான். மறு வருடம் அவர் மோகன் பகானுக்குப் போனார். 1976 லீக் டெர்பியில் ஆட்டம் தொடங்கிப் பதினேழாவது விநாடியில் உலகநாதன் அனுப்பிய பந்தை முகமது அக்பர் கோலாக்கினார். மோகன் பகான் அந்த ஒரு கோலில் வென்றது, 1969-க்குப் பிறகு லீக் பட்டத்தையும் எடுத்தது. 1978 லீக் டெர்பியில் ஷ்யாம் தாபா காற்றில் மல்லாந்து அடித்த 'பைசிக்கிள் கிக்'கைப் பற்றி இன்னும் பேசுகிறார்கள். எழுபதுகள்தான் இந்த லீக்கின் உச்சம் என்பது என் கருத்து. இந்திய அணியின் பெரும்பகுதி ஒரே நகரத்தின் லீக்கில் ஆடிக்கொண்டிருந்த காலம்.

அந்தக் காலம் 1980 ஆகஸ்ட் 16 அன்று முடிந்தது. ஈடன் கார்டனில் லீக் டெர்பி. களத்தில் திலீப் பாலித், பிதேஷ் போஸ் இருவருக்கும் நடந்த மோதலில் இருவரும் வெளியேற்றப்பட்டார்கள். கேலரியில் சண்டை மூண்டது. எதிரெதிர் ரசிகர்களைப் பிரித்து உட்காரவைக்க ஏற்பாடு இல்லை, நெரிசலில் பதினாறு பேர் இறந்தார்கள். அந்த வருட லீக் முடிக்கப்படவில்லை. ஒவ்வொரு ஆகஸ்ட் 16-ம் இறந்தவர்கள் நினைவாக ரத்ததானம் நடக்கிறது. 1984-ல் திறந்த சால்ட் லேக் ஸ்டேடியம் கூட்டத்தை மைதானிலிருந்து அங்கே இழுத்துக்கொண்டது.

எண்பதுகளில் வெளிநாட்டு வீரர்கள் வந்தார்கள். அலிகரில் படிக்க வந்த ஈரானியர்கள் மஜித் பிஷ்கர், ஜம்ஷித் நசீரி. பிறகு நைஜீரியாவின் சீமா ஒகோரி. 1996-ல் தேசிய லீக் தொடங்கியதும் கல்கத்தா லீக்கின் எடை குறைய ஆரம்பித்தது. 2010 முதல் 2017 வரை ஈஸ்ட் பெங்கால் எட்டு வருடம் தொடர்ந்து வென்றது. எண்ணிக்கையில் அது எழுபதுகளைவிடப் பெரியது. ஆனால் எதிரில் நின்றவர்களின் தரத்தைப் பார்த்தால் நான் ஆறு வருடத்தையே உயர்வாக வைப்பேன். 2018-ல் மோகன் பகான் அந்தத் தொடரை முடித்தது.

2019 பியர்லெஸ் வெற்றி பலருக்கும் அதிர்ச்சி. ஒரு நிறுவனத்தின் சிறிய அணி, கூட்டம் கிடையாது, ஆனால் ஒழுங்காகச் சேர்த்த அணி. 2020-ல் கொரோனாவால் லீக் நடக்கவில்லை. 2021-ல் முகமதன் நாற்பது வருடம் கழித்து மறுபடி சாம்பியன். அந்த வருடம் மற்ற இரண்டு பெரிய கிளப்களும் ஆடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் 2022, 2023 என்று தொடர்ந்து மூன்று எடுத்தார்கள், இரண்டாம் நிலை தேசிய லீக்கான ஐ-லீக்கையும் 2023-24-ல் வென்று நாட்டின் மேல்நிலை லீக்கான ஐ.எஸ்.எல்.லுக்குள் நுழைந்தார்கள். அதை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. 2024 பட்டம் ஈஸ்ட் பெங்காலுக்கா டயமண்ட் ஹார்பருக்கா என்ற தகராறு நீதிமன்றம் வரை போய், கடைசியில் ஈஸ்ட் பெங்காலுக்கே கிடைத்தது. 2025-லும் ஈஸ்ட் பெங்கால்.

மொத்தக் கணக்கைக் கேட்டால், ஈஸ்ட் பெங்கால் நாற்பதைத் தாண்டிவிட்டது, மோகன் பகான் 30, முகமதன் 14. இன்று பெரிய கிளப்கள் ஐ.எஸ்.எல். அணியை ஒதுக்கி வைத்துவிட்டு இளைஞர்களைத்தான் இங்கே இறக்குகின்றன. 2023 முதல் வெளிநாட்டு வீரர்கள் கிடையாது; களத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் வங்காளத்துப் பையன்கள் இருந்தே ஆக வேண்டும் என்ற விதியும் வந்திருக்கிறது. ஆட்டங்கள் நைஹாத்தி, கல்யாணி, பாரக்பூர் என்று புறநகர்களில் நடக்கின்றன. லீக்கின் மதிப்பு போய்விட்டது என்று பலர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஐ.எஸ்.எல்.லில் ஆட வாய்ப்புக் கிடைக்காத பத்தொன்பது வயதுப் பையன் ஒரு பருவம் முழுக்க, மழையிலும் சேற்றிலும், தோற்றால் கீழ் டிவிஷனுக்கு இறங்க வேண்டும் என்ற பயத்தோடு ஆட இந்தியாவில் இப்போது எத்தனை லீக்குகள் இருக்கின்றன?